படத்தில் இருப்பது போலவே

தையல் கடையின் பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. சட்டை போட்டுப் பார்க்க வருகிறவர்கள் அதன் முன் நின்றதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "மூச்சை விடுங்க சார், அப்புறம் சாப்பிட்டதும் பட்டன் தெறிச்சா என்னைத்தான் திட்டுவீங்க" என்பார் கடைக்காரர். ஊரில் அவரை டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்களும் அக்கா என்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தைந்து வருடமாக அதே கடை, அதே மெஷின், இரண்டாவது மோட்டார்.

அவர் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது ஊரில் வெள்ளம் வந்தது. தாழ்வான பகுதியில் தண்ணீர் ஏற ஏற, நீரேற்று நிலையத்தின் பம்புதான் அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அன்று வேலையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பம்பை விட்டுப் போய்விட்டார். மற்றவர் கடைசி வீடு காலியாகும்வரை பம்பை நிறுத்தவில்லை. விடிந்தபோது பம்பும் நின்றிருந்தது, அவரும் இல்லை. அவர்தான் அக்காவின் அப்பா. வீட்டிலிருந்த பெட்டி, பாத்திரம், கல்யாணப் படம் எல்லாவற்றையும் அதே தண்ணீர் கொண்டுபோனது. அம்மா அதற்குப் பிறகு இருபது வருடம் உயிரோடு இருந்தார். அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டால், "உயரமா இருப்பார்" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வரவில்லை.

ஆக, அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே அக்காவுக்கு நாற்பத்தாறு வயது ஆயிற்று.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஊர் வரலாற்றுச் சங்கம் ஒரு பழம்பட நாள் நடத்தியது. வீட்டில் கிடக்கும் பழைய படங்களைக் கொண்டுவாருங்கள், நகலெடுத்துவிட்டுத் தருகிறோம் என்று அறிவிப்பு. நீரேற்று நிலையத்தின் பழைய கணக்கர் வீட்டிலிருந்து ஒரு ஃபிலிம் நெகட்டிவ் வந்தது. கூடவே ஒரு காகிதம். வெள்ளத்துக்கு ஒரு வாரம் முன்பு எடுத்த படம், சீருடையில் ஐந்து பேர், இடமிருந்து வலம் ஐந்து பெயர்கள். இரண்டாவது பெயர் அப்பாவுடையது.

சங்கச் செயலாளர், தபால் ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவர், பெரிய பிரதியை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்தார். இடமிருந்து இரண்டாவது ஆள் மேல் விரல் வைத்தார். நிமிர்ந்த தலை, அகன்ற நெற்றி, நேராகக் கேமராவைப் பார்க்கும் கண். அக்கா மெஷினை நிறுத்தவில்லை. காலை எடுக்க மறந்துபோனதால் கையிலிருந்த பாவாடைக்குத் தையல் முழம் நீளத்துக்குக் கோணலாக ஓடியது.

அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி வீட்டில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு, "மூக்கு அப்படியே உங்க மூக்குக்கா" என்றார்கள். அக்காவின் மகளுக்கு அதே நெற்றி என்று ஒரு பக்கத்து வீட்டம்மா கண்டுபிடித்தார். அக்கா சங்கத்தில் உறுப்பினரானார். மாதாந்திர மரபு நடை, பள்ளிக் கண்காட்சி, ஆண்டுக்கொரு மரபு நாள், எதுவானாலும் பழங்காலத்து உடுப்பு, பேனர், மேசை விரிப்பு எல்லாம் அவர் தையல்தான்.

உடுப்புக்குச் சங்கத்தில் ஒரே ஒரு விதி: படத்தில் இருப்பது போலவே. ஒருமுறை ஒரு கோட்டுக்கு ஆறு பட்டனுக்குப் பதிலாக ஐந்து வைத்துவிட்டார். சங்கத் தலைவர் எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். "அழகா இருக்கறதைப் பத்திப் பேச்சில்லம்மா. படத்துல எப்படியோ அப்படி."

இந்தத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது எழுபத்தொன்று. பிறந்தது இங்கேதான். வெள்ளத்துக்குப் பிறகு குடும்பம் வேறு ஊர் போய்விட்டது. ஒன்பது வருடத்துக்கு முன் திரும்பி வந்தார், அடுத்த வருடமே தலைவரானார். வெள்ளத்தன்று பம்பை விட்டுப் போனவர் அவருடைய அப்பா. ஊருக்கு அது தெரியும். யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சங்கம் வெளியிட்ட சிறு புத்தகத்தின் முதல் பதிப்பில் "மற்றவர் வெளியேறினார்" என்று இருந்தது. இவர் வந்தபின் வந்த இரண்டாம் பதிப்பில் "மற்றவர் உதவி கேட்டுச் சென்றார்" என்று ஆயிற்று. காகிதத்தில் தலைவருடைய அப்பாவின் பெயர் நான்காவது. படத்தில் நான்காவது ஆள் க்ளிக் செய்யும் நேரத்தில் தலையைத் திருப்பியிருக்கிறார், முகம் கலங்கிக் கிடக்கிறது. 'ஓடப்போறவன் அப்பவே திரும்பிட்டான் பாருங்க' என்று செயலாளர் ஒருமுறை சிரித்ததுண்டு, தலைவர் இல்லாத இடத்தில். புதிதாக வந்த அன்று தலைவர் அந்தப் படத்தின் முன் வெகு நேரம் நின்றார். மனசு இளகியவர் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இந்த வருட மரபு நாளுக்கு நீரேற்று நிலையச் சுவரில் வெண்கலத் தகடு பதிப்பது என்று முடிவானது. அப்பாவின் முகம் புடைப்பாக, கீழே பெயர், வெள்ளத்தின் தேதி. திறப்பின்போது அந்தப் படத்தைப் போலவே ஐந்து பேர் சீருடையில் நிற்பார்கள். சட்டைகளும், தகட்டை மூடும் நீலத் திரையும் அக்காவின் பொறுப்பு.

படத்தைப் பெரிதாக்கி வாங்கி வெட்ட ஆரம்பித்தபோதே கை தயங்கியது. ஐந்து சட்டையிலும் பை வலது மார்பில். பட்டன் இடது பட்டியில், பட்டன் நுழையும் காஜா வலது பட்டியில். இது ரவிக்கைக்கும் பெண்கள் சட்டைக்கும் போடுகிற முறை. அந்தக் காலத்து ஆபீஸ் சீருடை, யார் கண்டது என்று நினைத்துக்கொண்டார். கோட்டின் ஆறாவது பட்டனும் நினைவுக்கு வந்தது. அப்படியே தைத்தார்.

போட்டுப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் பஸ் ஓட்டுநர். படத்தில் நடுவில் நிற்பவராக நிற்கப்போகிறவர். பட்டன் போட முடியாமல் தடவினார்.

"என்னக்கா, என் பொண்டாட்டி சட்டையைக் குடுத்திட்டீங்களா?"

"படத்துல அப்படித்தான் இருக்கு. பேசாமப் போடுங்க."

"பையும் இந்தப் பக்கமா இருக்கே. பேனா எடுக்கணும்னா இடது கையை விடணும். அஞ்சு பேருமா இடது கைக்காரங்க?"

"உங்களுக்குப் பஸ் ஓட்டத் தெரியும், எனக்குத் தைக்கத் தெரியும்."

"தெரியும்க்கா, அதான் கேக்கறேன். அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி தப்பாத் தைச்ச டெய்லரை உதைக்காம விட்டாங்களா?"

சொல்லிவிட்டு அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் அவருடைய சட்டை சரியாக இருந்தது. எல்லார் சட்டையும் எப்படி இருக்குமோ அப்படி. அக்கா அதைப் பார்த்தார்.

ஓட்டுநர் போன பிறகு படத்தை எடுத்துக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். ஐந்து பேருக்கும் பை இடது மார்புக்குப் போனது. பட்டன் வலது பட்டிக்கு வந்தது. வரிசையே இடம் வலமாக மாறி நின்றது. கண்ணாடிக்குள் இடமிருந்து எண்ணினார். நிமிர்ந்த தலைக்காரர் நான்காவது ஆள். இரண்டாவது ஆளுக்கு முகம் கலங்கியிருந்தது.

மறுபடி எண்ணினார். டேப்பால் அளந்ததை இரண்டு முறை சரிபார்ப்பது அவர் வழக்கம்.

வீட்டில் சொன்னதும் கணவர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து சுவரிடம் போனார். அவர் எலக்ட்ரீஷியன். "அப்ப பன்னிரண்டு வருஷமா நம்ம வீட்டுல ஓடிப்போன ஆளையா மாட்டி வச்சிருக்கோம்?"

"கழட்டுங்க."

"நான் இவர்கிட்டச் சொல்லிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறேன்."

"கழட்டுங்கன்னா."

மறுநாள் செயலாளர் பீரோவைத் திறந்து நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தார். ஃபிலிமின் ஓரத்தில் பொடி எழுத்துகளும் எண்களும் இருந்தன. அவை நேராகத் தெரியும்படி பிடித்தால் ஐந்து பேரும் அக்கா கண்ணாடியில் பார்த்த வரிசையிலேயே நின்றார்கள். ஸ்டூடியோவில் பிரதி எடுத்தவர் நெகட்டிவைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார், அவ்வளவுதான். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா என்னை எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

தலைவர் சங்க அறையில் அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தார். அக்கா படத்தையும் காகிதத்தையும் மேசையில் வைத்துச் சொன்னார். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"தகடு வார்த்தாச்சும்மா. சுவர்ல துளையும் போட்டாச்சு."

"திரும்ப வார்க்கலாமே சார்."

"எந்த முகத்தை வச்சு? அந்த இன்னொருத்தருக்கு முகமே தெரியலையே. சிற்பி எதைப் பார்த்துச் செய்வார்? முகம்கறது ஒரு அடையாளம்தான். ஜனங்க மதிக்கறது அந்தத் தியாகத்தை."

"கோட்டுல பட்டன் ஒண்ணு குறைஞ்சதுக்குத் திருப்பி அனுப்பினீங்க."

அவர் பேனாவை மூடினார்.

"ஒண்ணு கேக்கறேன் சார். வெள்ளத்தப்ப உங்களுக்குப் பதினாலு வயசு. அப்புறமும் முப்பது வருஷம் அவர் உங்க வீட்டுலதான் இருந்தார். உங்களுக்கு உங்க அப்பா முகம் தெரியாதா?"

தலைவர் மூடிய பேனாவை அழைப்பிதழ்க் கட்டின் மேல் வைத்தார்.

"அந்த ஊர்லயும் எப்படியோ விஷயம் தெரிஞ்சுபோச்சும்மா. முப்பது வருஷம் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடந்தார். இந்தப் படத்துலதான் நிமிர்ந்து நிக்கறதைப் பார்த்தேன். இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

"எட்டு வருஷமா நான் உங்க கண்ணு முன்னாடி தைச்சுக்கிட்டிருந்தேன்."

"உங்க அப்பா பேரை நாங்க எடுத்துக்கலையே. பேர் உங்களுக்கு. முகம்..." அவர் முடிக்கவில்லை. "இது பொதுச் சொத்தும்மா. மரபுன்னா எல்லாருக்கும் சேர்ந்ததுதானே."

செயற்குழு கூடியது. நெகட்டிவின் ஓரத்து எழுத்துகள் தெளிவாக இல்லை என்று செயலாளர் கருத்துத் தெரிவித்தார். தகடு அப்படியே இருக்கும் என்று முடிவானது. திரைக் கயிற்றை இழுக்கத் தியாகியின் மகளையே அழைப்பது என்றும் தீர்மானம் போட்டார்கள். கயிற்றை இழுத்தபின் இரண்டு வார்த்தை பேசவும் நிகழ்ச்சி நிரலில் இடம் இருந்தது. அந்த இரண்டு வார்த்தைக்காகவே அக்கா ஒப்புக்கொண்டார். அதற்கு முன் ஐந்து சட்டையையும் பிரித்தார். பையை இடது பக்கம் வைத்து, பட்டியை மாற்றி, புதுக் காஜா எடுத்துத் தைத்துக் கொடுத்தார்.

மரபு நாளன்று நல்ல கூட்டம். நிலையத்தின் முற்றத்தில் நாற்காலி போதாமல் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கயிற்றை இழுத்தார். தையல் நன்றாக இருந்ததால் திரை எங்கும் சிக்கவில்லை. வெண்கலத்தில் அகன்ற நெற்றி பளபளத்தது. மைக் கைக்கு வந்தது.

"இது எங்க அப்பா இல்லைங்க" என்றார். "படத்தைத் திருப்பிப் பிரதி எடுத்துட்டாங்க. இது தலைவரோட அப்பா."

கீழே கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து பேர் வரிசையில் பஸ் ஓட்டுநர் தலையைத் திருப்பித் தகட்டைப் பார்த்தார். தலைவர் எழுந்து வந்து, மைக்கை மெதுவாக, ஒரு மகளின் கையிலிருந்து வாங்குவது போல வாங்கிக்கொண்டார். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா? என்ன மனசு பாருங்க. தன் அப்பாவையே எனக்கும் அப்பான்னு விட்டுக்கொடுக்கறாங்க. எனக்கு மட்டுமில்ல, இன்னைலேர்ந்து நம்ம எல்லாருக்கும் இவர் அப்பா. இதைவிடப் பொதுவான மரபு வேற என்ன இருக்கு?"

கைதட்டல் எழுந்தது. மதில்மேல் இருந்தவர்கள்கூடத் தட்டினார்கள். அக்கா மறுபடி பேச வாயெடுத்தார். மைக் அடுத்த பேச்சாளரிடம் போயிருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நிஜமாத்தான் சொல்றேன்மா" என்றார் அக்கா.

"தெரியும்மா, தெரியும்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார் அந்த அம்மாள்.

மறுநாள் பேப்பரில் நான்கு பத்திச் செய்தி வந்தது. தலைப்பு: தந்தையை ஊருக்கே தந்த மகள். பக்கத்தில் தகட்டின் படம். படத்தை இந்தமுறை சரியான பக்கமாகத்தான் அச்சடித்திருந்தார்கள்.

சங்கத்திலிருந்து அக்கா விலகினார். நெகட்டிவை அவருக்குத் தர மறுத்துவிட்டார்கள். தன்னிடம் இருந்த பிரதியை வேறொரு ஸ்டூடியோவில் கொடுத்துத் திருப்பி எடுத்து, அந்த இரண்டாவது ஆளைப் பெரிதாக்கி வாங்கி மாட்டியிருக்கிறார். பெரிதாக்கியதில் கலங்கல்தான் பெரிதாயிற்று. ஒரு காது தெரிகிறது, கழுத்து தெரிகிறது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு இழுப்பு. நிலையத்தின் வாசலில் எடுத்த படம் என்பதால், உள்ளே பம்பின் சத்தம் மாறியதைக் கேட்டுத் திரும்பியிருப்பார் என்பது கணவரின் ஊகம். மோட்டார் வேலை தெரிந்தவன் அப்படித்தான் திரும்புவான் என்கிறார். அக்கா அதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை. மூக்கைப் பற்றி இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் பேசுவதில்லை. உயரமாக இருந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது.

இரண்டு மாதம் கழித்துச் செயலாளர் ஒரு பையோடு கடைக்கு வந்தார். உள்ளே மடித்த ஐந்து சட்டைகள்.

"காட்சிக்கூடத்துல படத்துக்குக் கீழேயே வைக்கறதா ஏற்பாடும்மா. வந்தவர் ஒருத்தர் கவனிச்சு எழுதிட்டுப் போயிட்டார், சட்டை படத்தோட ஒத்துப்போகலைன்னு. பையை வலது பக்கம் மாத்தி, பட்டியையும்..."

"யாரு சொன்னா மாத்தச் சொல்லி?"

"தலைவர்தான். படத்துல இருக்கறது போலவேன்னு..." செயலாளர் தரையைப் பார்த்தார். "நம்ம விதிதானேம்மா."

அக்கா மெஷினிலிருந்து காலை எடுக்காமல், பையைக் காலாலேயே அவர் பக்கம் நகர்த்தினார். "வேற டெய்லர் பாருங்க."

பார்த்தார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கடை போட்டவர், எதுவும் கேட்காமல் இரண்டே நாளில் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஐந்து சட்டைகளும் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகின்றன. மேலே அதே படம், கீழே ஐந்து பெயர்கள், இடமிருந்து வலம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். படத்துக்கும் சட்டைக்கும் ஒரு பட்டன்கூட வித்தியாசம் இல்லை.