வீடும் குசினியும்

நெருப்புக் காப்புறுதி என்ற ஒன்றை எங்கள் பக்கத்துக்கு முதலில் கொண்டு வந்தவள் நான்தான். ஒரு காலத்தில் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்ல வாய் கூசுகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்கராயன் குளத்துக்குக் கீழே காணி எடுத்திருந்தோம். இவர் வயல் செய்தார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். என் நகைகளில் தாலிக்கொடி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அந்த வீட்டுக்குள் போயிற்று. கல்வீடு, ஓட்டுக்கூரை. கட்டி முடித்து வீடு குடிபுகுந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. சோளகக் காற்று தொடங்கினால் எங்கோ காடு எரிக்கிற சாம்பல் வந்து முற்றத்தில் விழும். அதற்கு முந்திய வருடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஓலை வீடுகள் எரிந்திருந்தன. காற்று கொஞ்சம் உரத்து வீசினாலே நான் வகுப்பை விட்டு வெளியே வந்து எங்கள் பக்கம் பார்ப்பேன். பிள்ளைகள் ஆளையாள் பார்த்துச் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்டவளிடம் ஒரு காப்புறுதிக் கொம்பனியின் முகவர் வந்தால் அவர் அதிகம் பேச வேண்டியிருக்குமா? யாழ்ப்பாணத்து ஆள். பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்து, அங்கே ஒரு சைக்கிளை இரவல் வாங்கி மிதித்து வந்திருந்தார். கதிரையில் இருந்து, முழங்காலில் தாளை வைத்து, கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். சுவர் என்ன, கூரை என்ன, கதவு எத்தனை. பிறகு, "ஓலை வேஞ்ச வேறை கட்டிடம் ஏதும் கிட்டடியிலை இருக்கோ?" என்றார்.

"வேறை என்ன தம்பி இருக்கு? வீடும் குசினியும்தான்" என்றேன்.

அவர் 'இல்லை' என்று எழுதினார். நான் பொய் சொல்லவில்லை, அவரும் களவு செய்யவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சமைக்கிற குசினி முற்றத்துக்கு அந்தப் பக்கம் தென்னோலைக் கிடுகு வேய்ந்து தனியாகத்தான் நிற்கும். அவருடைய அம்மாவின் குசினியும் அப்படித்தான் நின்றிருக்கும். அதை வேறு கட்டிடம் என்று யார் நினைப்பார்கள்? வீடு என்றால் அதற்குள் குசினியும் அடங்கியதுதானே.

அடுத்த வளவில் ஓர் அக்கா இருந்தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவா. புருசன் செத்தபிறகு கூலிக்கு ஆள்பிடித்து வயலைத் தானே செய்து, ஒரே மகளுக்கென்று ஓட்டு வீடு ஒன்றைக் கட்டி முடித்திருந்தா. எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு வீடுதான் சீதனம். அந்த வீடு இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் இல்லை. நான் அவாவை ஒரு மாதமாய் அரித்தெடுத்தேன், நீங்களும் எடுங்கோ, நீங்களும் எடுங்கோ என்று. கடைசியில் அவா சிரித்தா.

"ரீச்சர், நான் இங்கிலீசைக் கண்டனே? நீங்கள் வாசிச்சுச் சரியெண்டு சொன்னால் கையெழுத்து வைக்கிறன்."

நான் வாசிக்கவில்லை. முன்பக்கத்தை மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி அக்கா, என்ரை மாதிரித்தான் உங்கடையும்" என்றேன். அந்த ஓலைக் கட்டிடக் கேள்விக்கு நான் என்ன சொன்னேனோ அதையே அவாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பகுதி வீடு பார்க்க வந்த அன்று, அக்கா காணி உறுதியோடு அந்தக் காப்புறுதிக் கடதாசியையும் தட்டில் வைத்துக் காட்டினா. மாப்பிள்ளையின் தகப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். எரிந்தாலும் போகாத வீடு என்று அக்கா சொன்னா. நான் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டேன்.

சித்திரையில் எனக்குப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. இலக்கம் சரியோ என்று பார்க்க அலுமாரியிலிருந்து கடதாசியை எடுத்தேன். எடுத்தவள் அன்றைக்குத்தான் பின்பக்கத்தைப் பார்த்தேன். எள்ளுப்போல எழுத்து. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஓலையோ புல்லோ வேய்ந்த கட்டிடம் எதுவும் வீட்டிலிருந்து நாற்பது அடிக்குள் நிற்கக் கூடாது. நின்று, அதைக் கொம்பனிக்கு அறிவிக்காமல் விட்டால், காப்புறுதி செல்லாது.

கயிற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வீட்டுச் சுவரிலிருந்து குசினிக்குப் பதினெட்டு அடி. மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் பதினெட்டுத்தான்.

இவர் வயலால் வந்தார். "உமக்கென்ன, கயிறும் கையுமாய் நிக்கிறீர்?"

சொன்னேன்.

"கொம்பனிக்காரன் வந்து எங்கடை அடுப்பை அளக்கப் போறானே? பேசாமல் இரும். சோறு இருந்தால் போடும்."

"எரிஞ்சால் வந்து அளப்பான். அப்ப என்ன செய்வியள்?"

"எரிஞ்சால் பாப்பம்."

இந்த 'பாப்பம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் உச்சியில் ஏறும். அன்றைக்கே கொம்பனிக்குக் கடிதம் எழுதினேன். குசினிக்கு ஓடு போடலாம், அல்லது தள்ளிக் கட்டலாம், அல்லது கூடக் கட்டணம் கட்டலாம் என்று பதில் வந்தது. தள்ளிக் கட்டுவதுதான் எங்களுக்குத் தோது. இவரை இருக்கவிடாமல் நின்று, இரண்டு ஆட்களைப் பிடித்து, நான்கு நாளில் குசினியைப் பிரித்து வளவின் கடைசியில், நாற்பது அடிக்கு இன்னும் நான்கு அடி கூட்டி, கட்டுவித்தேன். எழுதி அறிவித்ததும், இனிக் காப்புறுதி செல்லும் என்று கொம்பனி ஒரு துண்டு அனுப்பியது. சோற்றை மசித்து அதைக் கடதாசியில் ஒட்டினேன். பின்பக்கத்தை வாசித்த நாளுக்குப் பிறகு, ஒட்டிய அன்றைக்குத்தான் வயிறாறச் சாப்பிட்டேன்.

குசினியைப் பிரிக்கும்போதே அக்கா வேலிக்கு மேலால் பார்த்தா. "ஏன் ரீச்சர் நல்ல குசினியைப் பிரிக்கிறியள்?"

நாக்கு நுனியில் வந்தது. அக்கா, உங்கடை குசினி எங்கடையைவிடக் கிட்ட நிக்குது, உங்கடை கடதாசியும் செல்லாது. இவ்வளவும்தான் சொல்ல வேண்டியது. ஆனால் நான் சொன்னது, "வீட்டுக்குள்ளை ஒரே புகை அக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். கலியாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கலியாண வீட்டில் எரிகிற கதை கதைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிந்தால் குழம்பிவிடும் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் நல்ல காரணங்கள். உண்மையான காரணம் வேறு. வாசிக்காமலே வாசித்தேன் என்று சொன்ன ரீச்சர் நான். அது வெளியே வர எனக்கு விருப்பமில்லை.

சொல்லாமல் விட்டவள் சும்மாவாவது இருந்தேனா? அதுவுமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவாவின் குசினிக்குள் ஒரு எட்டு எட்டிப் பார்ப்பேன். வரும்போது பார்ப்பேன். பின்னேரம் உப்புக் கேட்கிற சாட்டில் போவேன். அடுப்பில் தணல் கிடந்தால் தண்ணீர் தெளிப்பேன். கூரையில் தொங்கிய கிடுகு நுனிகளை ஒருநாள் கத்தியால் வெட்டிவிட்டேன்.

"ரீச்சருக்கு இப்ப என்ரை குசினியிலை ஒரு கண்" என்று அக்கா மகளிடம் சொல்லிச் சிரித்தா. "எடியே, உப்புச் சிரட்டையை ரீச்சர் வீட்டிலையே குடுத்திட்டு வா. பாவம், எத்தினை தரம் நடக்கிறா."

வைகாசியில் கலியாணம் சிறப்பாக முடிந்தது. மாப்பிள்ளை அந்த வீட்டிலேயே வந்து இருந்தார். நாலாஞ்சடங்கு முடியட்டும், பிறகு சொல்லுவம் என்றிருந்தேன். முடிந்தது. பள்ளிக்கூடத்தில் சோதனை முடியட்டும் என்றேன். அதுவும் முடிந்தது. ஒரு பின்னேரம் அக்காவின் படலை வரை போனேன். புதுமணத் தம்பதி முற்றத்தில் இருந்து ஏதோ பகிடி கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று.

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், மூன்றாம் வகுப்புக்கு வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், உங்கடை பக்கம் புகை" என்றான். வெளியே ஓடினேன். புகை எங்கள் புளியமரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுதான் முதலில் பார்த்தேன். அந்தப் பக்கம். எங்கள் வீடில்லை என்று நெஞ்சு ஆறியது. ஒரு கணம்தான். ஆனால் ஆறியது ஆறியதுதான், அதை நான் மறைக்க மாட்டேன்.

அக்கா குசினி வாசலில் நெல் அவித்துக்கொண்டிருந்திருக்கிறா. சோளகம் ஒரு சுழி சுழித்துத் தணலை அள்ளிக் கிடுகில் போட்டிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது குசினி இல்லை, நெருப்பு வீட்டுக் கூரையில் நின்றது. பனைமரச் சலாகைகள் எரிந்து, ஓடுகள் பட்டுப் பட்டென்று வெடித்துக் கீழே விழுந்தன. வயலில் நின்ற ஆண்கள் எல்லோரும் கிணற்றிலிருந்து வீடுவரை வரிசையாக நின்று வாளி மாற்றினார்கள். இவர்தான் கிணற்றடியில் நின்று துலாவை இழுத்தார். ஆட்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரம் நான்கு சுவர் மட்டும் நின்றது.

மகள் அழுதுகொண்டிருந்தாள். அக்கா அழவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அழாதை பிள்ளை. ரீச்சர் எடுத்துத் தந்த கடதாசி இருக்கு" என்றா. அந்தக் கடதாசி காணி உறுதியோடு அயலில் ஒரு வீட்டுப் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே காலால் ஒரு குழி தோண்டி அதற்குள் போய்விட வேண்டும் போலிருந்தது.

அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

கொம்பனி ஆள் வந்தார். நாடாவை விரித்து, குசினி நின்ற சாம்பலிலிருந்து சுவர் வரை அளந்து, கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். மூன்று கிழமையில் கடிதம் வந்தது. அக்கா அதை உடைக்காமலே எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து என் கையில் தந்தா. மாப்பிள்ளை அதற்கு முன்னரே மகளைத் தன் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். காசு வந்து கூரை போட்டதும் வருவம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

இந்தத் தரம் வாசித்தேன். ஒரு சொல் விடாமல் வாசித்து, ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். பதின்மூன்று அடி. ஓலை வேய்ந்த கட்டிடம். அறிவிக்கவில்லை. ஆகவே கொடுக்க முடியாது.

அக்கா, "குசினியையோ வேறை கட்டிடம் எண்டு சொல்லுறாங்கள்?" என்றா.

"ஓம் அக்கா."

"உங்களுக்கு இது முதலே தெரியுமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவாவுக்கு இங்கிலீசு தெரியாது. யாரும் அவாவுக்குச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

"தெரியும் அக்கா. சித்திரையிலேயே தெரியும்."

அவா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, இருந்த மடிப்பிலேயே மடித்து, இடுப்பில் செருகினா. "சரி ரீச்சர். நான் வாறன், மாட்டுக்குத் தண்ணி வைக்கோணும்" என்றா.

ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். வேலியில் நின்று நாலு சனம் கேட்கக் கத்தியிருந்தால் எனக்கும் அழக் கிடைத்திருக்கும். அவா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரைக்கென்று நாங்கள் கொடுத்த மரத்தை வாங்கினா. இவர் போய்க் கூரை போட்டபோது தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. பொங்கலுக்குப் பொங்கல் கொண்டு வந்தா. கிடுகுக் கூரைதான் போட முடிந்தது. மகள் வந்து பார்த்துவிட்டுப் போனாளே தவிர, குடியிருக்க வரவில்லை.

மாசியில் ஒருநாள் பள்ளிக்கூடம் இல்லை. நான் படலையடியில் கூட்டிக்கொண்டு நின்றேன். அக்கா ஒழுங்கையால் வந்தா. கையில் ஒரு கடிதம். காணிக் கந்தோரின் அரசாங்க உறை என்று தூரத்திலேயே தெரிந்தது, அப்போதெல்லாம் அங்கிருந்து இங்கிலீசில்தான் எழுதுவார்கள். நான் விளக்குமாற்றைச் சாத்திவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தேன்.

"என்ன ரீச்சர், இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று சிரித்துக் கேட்டா.

"இல்லை அக்கா."

"நான் ஒருக்கால் கிளிநொச்சிக்குப் போட்டு வாறன். பெற்றிசம், மனு எழுதுறவரட்டை இதை ஒருக்கால் வாசிப்பிக்கோணும்" என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிற பக்கம் நடந்தா.