ஒரே ‘ப’வில் இரண்டு வணக்கம்

சிட்னியில், லிட்கமில் எங்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்த ஆர்மீனியப் பிள்ளை என் வகுப்பில்தான் படித்தாள். இருவருக்கும் ஒன்பது வயது. அவள் ஆர்மீனிய மொழி பேசமாட்டாள். தெரியாததால் அல்ல. அவளுடைய அப்பா பெய்ரூட்டில் பிறந்தவர், அம்மா ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானிலிருந்து வந்தவர். இருவருக்கும் ஒரே மொழி. ஆனால் முட்டையை அப்பா ‘ஹவ்கித்’ என்பார், அம்மா ‘ட்ஸு’ என்பார். பிள்ளை எதைச் சொன்னாலும் மேசையின் ஒரு பக்கத்திலிருந்து திருத்தம் வரும். ஒருநாள் இரண்டையும் விட்டுவிட்டு ‘எக்’ என்றாள். அன்றோடு ஆங்கிலம்தான்.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளை மேடையேறித் தன் வீட்டு மொழியில் காலை வணக்கம் சொல்லவேண்டும். அவளுடைய முறை வந்தபோது முடியாது என்றுவிட்டாள். அப்பா, அம்மா இருவரும் வந்து முன்வரிசையில் இருப்பார்கள், யாருடையதைச் சொல்வது? டீச்சர் அவள் பெயரை வெட்டப் போனார். நான் எழுந்து, நாங்கள் இருவரும் சேர்ந்து சொல்கிறோம் என்றேன். அந்த மொழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முட்டை மட்டும்தான்.

என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

“உனக்கேன் பிள்ளை அவையின்ர பாஷை? உன்ர முறை வரேக்க ஒழுங்காத் தமிழைச் சொன்னாக் காணும்.”

நான் கேட்கிற ஆளா? அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

முதலில் அவளுடைய அப்பாவிடம் படித்தேன். காலை வணக்கத்துக்கு ‘பரி லுய்ஸ்’ என்றார். முதல் எழுத்து ‘பல்’லில் வரும் ப; இன்னும் பலமாகச் சொல்லவேண்டும். தன் உள்ளங்கையை என் வாய்க்கு முன்னால் பிடித்து, காற்று வந்து படும்வரை விடவில்லை. அடுத்த நாள் அவளுடைய அம்மாவிடம் போனேன். அவருக்கு அது ‘அம்பு’வில் வரும் ப. என் தொண்டையில் விரலை வைத்து, அதிர்கிறதா என்று பார்த்தார். வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினால், இரண்டும் தமிழில் ஒரே மாதிரி இருந்தன. எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் பின்வாங்குவதில்லை என்று முடிவெடுத்து, குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மேடையில் நின்றோம். அவள் வாயைத் திறக்கவில்லை. மைக் என் முன்னால் இருந்தது. மூச்சை இழுத்துச் சொன்னேன். வந்தது காற்றும் இல்லாத, அதிர்வும் இல்லாத சுத்தமான யாழ்ப்பாணத்துப் ப. முன்வரிசையில் இருவரும் முகத்தைச் சுளித்தார்கள். மறுபடி சொன்னேன். அதுவும் அதே ப. மூன்றாம் தரமும் சொன்னேன்.

“யூ ஆர் சேயிங் இட் ரோங்!” என்று அவள் மைக்கைப் பறித்தாள்.

அப்பாவைப் பார்த்து அவருடைய வணக்கத்தைச் சொன்னாள். பிறகு அம்மாவைப் பார்த்து அவருடையதைச் சொன்னாள். மண்டபம் கைதட்டியது. அவளுடைய அம்மா எழுந்து நின்றே தட்டினார். அப்பா தட்டவில்லை, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரே கோபம். இவ்வளவு பாடுபட்டவள் நான், முழுப் பள்ளிக்கும் முன்னால் பிழை பிடிக்கப்பட்டதும் நான். போதாததற்கு, கார் நிறுத்துமிடத்தில் அவளுடைய அப்பா என் இரு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். பிறகு என் அப்பாவோடு நெடுநேரம் கதைத்தார்.

காரில் ஏறியதும் கேட்டேன்.

“அப்பா, அந்த அங்கிள் ஏன் அழுதவர்?”

“அவற்ற முந்தின ஆக்களைத் துருக்கியில இருந்த ஊரைவிட்டுத் துரத்திப்போட்டாங்கள், பிள்ளை. மனிசியின்ர பேச்சுக்கு ஒரு நாடு இருக்கு. அவற்ற பேச்சுக்கு இப்ப ஊர் இல்லை. வீடு மட்டும்தான் இருக்கு.”

“அவையின்ர வீடு எங்கட வீட்டுக்குப் பக்கத்திலதானே?” என்றேன்.

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சரியான பதிலைத்தானே சொன்னேன் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.