பீரோ நிறையக் கோடிப் புடவை

"அம்பது பொடவைக்கு மேல இருக்குதுடீ. ஒண்ணு கூடக் கட்டல. மொத்தமா எடுத்துக்கிறதுன்னா வா." வாட்ஸப்பில் வந்த அந்தக் குரலை முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

பேசியவர் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அக்கா. ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் கணவர் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் வண்டி ஓட்டினார். போன வருடம் மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனார். சாவுக்குப் போயிருந்தேன். காரியத்துக்குப் போகவில்லை, எனக்கு அன்று அரசு வேலைக்கான பரீட்சை.

நான் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிறேன். குவில்ட் என்பார்கள். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் வீட்டில் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தபோது வீடியோ பார்த்துக் கற்றது. இப்போது அதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறுவதில்லை. பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் முந்தானையைப் பார்த்தால்கூட எத்தனை சதுரம் வெட்டலாம் என்றுதான் தோன்றும். கள்ளக்குறிச்சி டெய்லர் கடைகளில் வெட்டுத் துணி கேட்டுப் போய்ப் போய் எனக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். தைப்பதில் பாதிக்கு மேல் குழந்தைப் போர்வை. அதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள்.

அந்த அக்கா பீரோவைத் திறந்தார். மாம்பழ மஞ்சள், பாசிப்பச்சை, மயில்கழுத்து நிறம், சின்னப் பூப்போட்ட வெள்ளை. கடை மடிப்புகூடக் கலையவில்லை. நின்ற இடத்திலேயே பத்துப் போர்வையை மனதுக்குள் வெட்டித் தைத்து முடித்துவிட்டேன். ஒரு புடவையின் ஓரத்தில் நூல் உருவித் தீக்குச்சியைக் காட்டினேன். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. கறுத்து உருண்டு நின்றால் பாலியஸ்டர் கலந்தது.

"இன்னாடீ, வூட்டக் கொளுத்தவா வந்த?"

"காட்டனான்னு பாக்கறேங்கா."

"மனுசன் சொன்னா நம்ப மாட்ட. நெருப்பு சொன்னா நம்புவ. படிச்சவ."

நூல் உதிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "எந்தக் கடையிலக்கா எடுத்தீங்க இவ்ளோ?"

"நான் எங்க எடுத்தேன்? எல்லாம் கோடி."

அப்போதுதான் உறைத்தது. காரியத்தன்று பிறந்த வீடும் உறவுகளும் தாலி இழந்தவளுக்குப் போடும் புதுப் புடவைகள்.

"ஒண்ணு மேல ஒண்ணா தோள்ல போட்டுக்கினே இருந்தாங்க. நல்ல வெயிலு. மூச்சு வுட முடியல. எவ எத போட்டான்னு கூடத் தெரியாது. பீரோவத் தொறந்தா அந்த நாளுதான் எதுருல நிக்குது. அடுத்த மாசம் சங்கராபுரத்துல வேலைக்குப் போறேன். கட்டற துணிய வெக்க எடமில்ல."

"இதுல இன்னாக்கா இருக்குது? துணிதானே," என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொன்னேன்.

எப்படித் தைப்பாய் என்று கேட்டார். செல்போனில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொரு போர்வையிலும் ஒரு குழந்தை கிடந்தது. அக்கா நிதானமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"உங்க அண்ணி முழுகாம இருக்கறாங்கன்னு சொன்னியே. அதுக்குத் தெச்சிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப இதுலயே தெச்சிப் போடேன். துணிதானே."

அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முந்தையது ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. நான் ஒரு மூச்சு விடும் நேரம் தாமதித்தேன். அவ்வளவுதான். அடுத்த மூச்சில் "போடலாங்கா" என்றேன், சிரிக்கவும் சிரித்தேன். அந்த ஒரு மூச்சை அவர் பார்த்துவிட்டார்.

"டீ ஆறுது, குடி," என்றார். பீரோவைச் சாத்தினார். "வூட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கினு வா."

நான் கேட்காமலே இருந்திருக்கலாம். என் கையில் பணம் இருந்தது, என் அறையில் இடம் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் யாராவது என்னைத் திட்ட வேண்டும், நான் எதிர்த்துச் சண்டை போட வேண்டும் என்று இருந்தது. சாப்பிடும்போது சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கொழந்தப் போர்வைக்கு கோடியா? உனக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா?"

"துணிக்குத் தெரியுமாம்மா அது கோடின்னு?"

"துணிக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். நாளைக்கு எந்த வூட்லயாச்சும் கொழந்தைக்கு ஒண்ணுன்னா அந்தப் பொண்ணு தலையிலதான் வந்து வெடியும். அவ பட்டது பத்தாதா?"

நான் எதிர்பார்த்து வைத்திருந்த சண்டை இது இல்லை. அண்ணி பக்கம் திரும்பினேன். அவர் கல்லூரியில் எனக்கு மேல் படித்தவர், சகுனம் பார்ப்பவர்களைக் கேலி செய்பவர். தட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு நம்பிக்கையெல்லாம் கெடையாது. ஆனா அது பக்கத்துல இருந்தா எனக்குத் தூக்கம் வராது. என்னத் தப்பா நெனைக்காத."

தப்பாக எப்படி நினைப்பது? எனக்கும் அதேதான்.

அந்த வாரம் முழுக்க ஒரு சதுரம்கூட ஒழுங்காக வெட்டவில்லை. அம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். நான் வாங்காமல் இருப்பது அந்த அக்காவின் நன்மைக்குத்தான் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது, நன்றாக இருந்ததாலேயே சந்தேகம் வந்தது. சரி, வாங்கிப் பெரியவர்களுக்குத் தைப்போம் என்றால், வாங்குகிறவர்களிடம் சொல்வதா, மறைப்பதா? சொன்னால் யார் வாங்குவார்கள்? மறைத்தால், "துணிதானே" என்று நான் பேசிய பேச்சுக்கு என்ன அர்த்தம்? எனக்கே ஒன்று தைத்துப் போர்த்திக்கொள்ளலாம். அதை நினைத்தபோதும் அதே ஒரு மூச்சு நின்றது. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

கடைசியில் அந்தக் கோபத்திலேயே கிளம்பினேன். எல்லாவற்றையும் வாங்கிவிடுவது, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வது. வழியெல்லாம் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போனதில் கோபம் இன்னும் ஏறியது.

அக்கா வாசலில் புதுக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு குண்டானும் ஒரு பிளாஸ்டிக் டப்பும் இருந்தன.

"எடுத்துக்கினு போவத்தாங்கா வந்தேன். மொத்தத்தையும்."

"போட்டுட்டேன்டீ. பழைய துணிக்குப் பாத்திரம்னு மைக்கு கட்டிக்கினு ஒருத்தன் வந்தான்."

"அய்யோ, அக்கா! அத்தனை பொடவைக்கும் இவ்ளோதானா? ஏமாத்திட்டான். ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"அவன் ரெண்டு கேள்விதான் கேட்டான். கிழிசல் இருக்குதா, சாயம் போவுமா. இல்லன்னேன். கட்டிக்கினு போயிட்டான்."

நான் வருவேன் என்று தெரியாதா என்று மட்டும் கேட்டேன்.

"வருவன்னு தெரியும். அதாலதான் முன்னாடியே போட்டேன்." அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பாவம் பாத்து வாங்குவ. வாங்கிக்கினு போயி மூட்டையா கட்டி மூலையில வெப்ப. வெட்டவும் மாட்ட, தூக்கிப் போடவும் மாட்ட. எம் பீரோவுல இருந்தது உன் ரூம்புல இருக்கும். அது எதுக்கு?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு அவர் பார்வை என் ஸ்கூட்டருக்குப் போனது. புடவைகளை அடைக்க நான் கொண்டுவந்த சாக்குகள் கால் வைக்கும் இடத்தில் மடித்துக் கிடந்தன.

"நல்ல சாக்கா இருக்குதே. வெச்சிட்டுப் போ. நெல்லு கட்ட ஆவும்."

எடுத்துக் கொடுத்தேன். உதறிப் பார்த்துவிட்டு, ஒன்றில் ஓட்டை இருக்கிறது என்று அதை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.