பிய்யாத நாடா

கும்மிடிப்பூண்டியில் ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது தெருவில் எங்கள் வாடகை வீடு. அதன் முன்னறையில் என் தையல் மிஷின் இருக்கிறது. நான் ஏப்ரன் தைக்கிறவள். அதற்கு முன்னால் ஏழு வருடம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைப் பாக்கெட் மட்டும் தைத்தேன். அந்தச் சட்டைகளை யார் போட்டுக்கொண்டார்கள், எந்த ஊரில் போட்டுக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஏப்ரன் அப்படியில்லை. ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்கிற அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். கை துடைக்கிற துண்டை மாட்ட அவருக்கு மட்டும் இடது பக்கம் ஒரு வளையம் வைத்தேன். அடுத்த நாள் அந்தப் பக்கம் போனபோது, அவர் பார்க்காமலேயே கை அந்தத் துண்டுக்குப் போனது. பஸ்ஸை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அளவெடுக்கும்போது நான் யாரையும் நேராக நிற்கச் சொல்வதில்லை. அவரவர் வேலையைச் செய்யச் சொல்லி, டேப்பை வைத்துக்கொண்டு கூடவே நடப்பேன். குனிந்தால் எவ்வளவு ஏறுகிறது, கை நீட்டினால் எங்கே பிடிக்கிறது என்று பார்ப்பேன். சிப்காட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை செய்கிற ஒன்பது பெண்களுக்கும் அப்படித்தான் அளவெடுத்தேன்.

அந்த ஒன்பது பேரில் மூத்தவர் பழவேற்காட்டிலிருந்து தினமும் வருகிறவர். வீட்டுக்காரருக்கு அங்கே இறால் வியாபாரம். கேண்டீனில் சப்பாத்தி மாவு இவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. அவருக்கு இடுப்பு வலி உண்டு. அகலமான நாடா வைத்து, இடுப்பை இரண்டு சுற்று சுற்றி முன்பக்கம் இறுக்கிக் கட்டுகிற மாதிரி வேண்டும் என்று கேட்டார்.

“இடுப்ப யாரோ புடிச்சிக்கினு இருக்கற மாதிரி இருந்தா நாள் பூரா நின்னுடுவேன்” என்றார்.

ஸ்கூல் பைக்குப் போடுகிற கெட்டி நாடாவை வாங்கினேன். அது துணியோடு சேருகிற இடத்தில் சதுரமாக ஒரு தையல், அதற்குள் குறுக்காக இரண்டு, மேலே இன்னொரு தடவை. தைத்து முடித்து ஜன்னல் கம்பியில் கட்டி, என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். ஒரு நூல்கூட நகரவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தபோது இது பிய்யவே பிய்யாது என்று சொன்னேன். அக்கா கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கேண்டீனுக்குள் ஒரு நடை நடந்து காட்டினார். அதைப் பார்த்துவிட்டு மற்ற எட்டுப் பேரும் தங்களுக்கும் அதே நாடா வேண்டும் என்றார்கள். நானும் எட்டுப் பேருக்கும் அதையே வைத்தேன்.

ஆடி மாதம். காலை பத்து மணி இருக்கும். துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கேண்டீனில் காய் நறுக்குகிற பெண் போன் செய்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

“அக்கா, நீ தச்ச ஏப்ரன் மாவு மிஷின்ல மாட்டிக்கிச்சுக்கா. பழவேற்காட்டு அக்காவ உள்ள இஸ்துக்கிச்சு.”

உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டேன். அதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கம்பெனி கேட்டுக்கு ஓடினேன். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று செக்யூரிட்டி சொன்னார். அவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை, அல்லது சொல்ல விரும்பவில்லை.

திருவள்ளூர் பஸ் பெரியபாளையம் வழியாகப் போகும். ஆடிக்குக் கோயிலுக்கு வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாகப் பெண்கள் பஸ்ஸுக்கு இரு பக்கமும் போய்க்கொண்டே இருந்தார்கள். பஸ் நகரவில்லை. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தத் தையலை மனதுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தையல் போட்டு விட்டிருந்தால் பிய்ந்திருக்கும். இரண்டு போட்டிருந்தாலும், மிஷின் இழுக்கிற இழுப்புக்குப் பிய்ந்திருக்கலாம். நான் நாலு போட்டிருந்தேன். ஏழு வருடம் பாக்கெட் தைத்தபோது, தையல் பிய்ந்தால் திட்டு விழும். பிய்யாமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிய்யாததால் ஒருத்தருக்குக் கேடு வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா, ஏன் அழுகிறாய் என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு மாடியில். வராந்தா பெஞ்சில் அக்காவின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை அக்காவைக் கம்பெனி கேட்டில் கொண்டுவந்து விட்டபோது பார்த்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். என்னைப் பார்த்ததும் அதிலிருந்து ஏப்ரனை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியில் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். மாவும் கிரீசும் ஒட்டியிருந்தது. துணி நடுவில் கிழிந்திருந்தது. நாடா சேருகிற இடம் மட்டும் நான் தைத்துக் கொடுத்தபடியே இருந்தது.

“நீங்க தச்சதுதான?” என்றார்.

ஆமாம் என்றேன். அவர் ஏப்ரனை மடித்து மறுபடி கவருக்குள் வைத்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அக்கா உயிரோடு இருக்கிறார், இடது தோள் விலகிவிட்டது, கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது, கையை முன்போலத் தூக்க முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்களாம். இதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

என்னை உள்ளே விட்டபோது அக்கா விழித்திருந்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை கட்டு. நான் கட்டிலோரம் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நடந்ததை மெதுவாக, விட்டு விட்டுச் சொன்னார். மாவு பிசைகிற மிஷினின் மேல் ஒரு கம்பிவலை மூடி இருக்குமாம். அதன் கீல் உடைந்து, இரண்டு வாரமாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். மிஷின் ஓடும்போது மாவின் பதம் பார்க்கக் குனிந்திருக்கிறார். முடிச்சுக்குக் கீழே தொங்கிய நாடா நுனியை, மிஷினுக்குள் சுற்றுகிற இரும்புக் கை பிடித்துக்கொண்டது. பாத்திரம் கழுவுகிற பெண் ஓடிப்போய் மெயினை அணைத்திருக்கிறாள்.

“அவுக்கப் பாத்தேம்மா. முடிச்சு இறுகிக்கினே போச்சு. பிச்சிக்கலாம்னு இஸ்தேன். வரல” என்றார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நகர்ந்தேன். அப்போதுதான் சொன்னார்: “மத்த பொண்ணுங்க நாளைக்கும் அதத்தான் கட்டிக்கும்.”

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. எட்டு ஏப்ரன்கள். ஒவ்வொன்றிலும் அதே நாடா, அதே தையல். காலை ஆறு மணிக்கு ஷிப்ட்.

மறுநாள் ஐந்தரைக்கெல்லாம் கம்பெனி கேட்டில் நின்றேன். பையில் பெரிய துணிக் கத்தரியும், பழைய வேட்டியில் கிழித்த மெல்லிய துணிப் பட்டைகளும். கையால் ஒரு இழுப்பு இழுத்தால் அறுந்துவிடும், அவ்வளவு நைந்த துணி. ஷேர் ஆட்டோவில் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஏப்ரனை வீட்டில் துவைத்துப் பையில் கொண்டுவருவது அவர்கள் வழக்கம். ஒவ்வொருத்தரிடமும் கேட்டு வாங்கினேன். காய் நறுக்குகிற பெண் முதலில் கொடுத்தாள். ஒருத்தி மட்டும் தயங்கினாள். ஏப்ரன் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். ஏப்ரன் இருக்கும், நாடாதான் போகும் என்று சொல்லி வாங்கினேன். என் தையல் பிரியவில்லை. பிரித்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை. தையலை ஒட்டி நாடாவை வெட்டிப் போட்டு, அந்த இடத்தில் துணிப் பட்டையை ஊசிநூலால் இரண்டு குத்து குத்தி வைத்தேன். கத்தரி மொக்கையாகி, கட்டைவிரல் கன்றிவிட்டது.

ஆறாவதை வெட்டும்போது கேண்டீன் சூப்பர்வைசர் வந்தார்.

“யாரக் கேட்டும்மா வெட்றீங்க? அது கம்பெனி பொருளு.”

வெட்டுவதை நிறுத்தாமல் காரணத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. மீதி இரண்டையும் வெட்டி முடிக்கும்வரை நின்றுவிட்டு, கேட் ரூம் பக்கம் கூப்பிட்டுப்போய், ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். விசாரணை வரும், ஏப்ரன் நாடாவால்தான் விபத்து நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், உங்களுக்கு ஒரு பேஜாரும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பேச்சு கனிவாகத்தான் இருந்தது. நாடா பிய்யவில்லை என்பது உண்மை. அதை எழுத நான் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனால் அதை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

கேட் ரூம் மேஜையில் தாளை வைத்து எழுதினேன். இடுப்பு நாடாவை நான்தான் தைத்தேன், இழுத்தால் பிரிகிற மாதிரி தைத்திருக்க வேண்டும், தைக்கவில்லை, அது என் தப்பு. மாவு மிஷினுக்கு இரண்டு வாரமாக மூடி இல்லை, அது என் தப்பு இல்லை. இவ்வளவுதான். கீழே கையெழுத்து.

அவர் படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது வரி எதற்கு என்றார்.

“ரெண்டும்தான் சார் நடந்துச்சு” என்றேன்.

தாளைக் கிழித்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார். பெண்கள் உள்ளே போகாமல் கேட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய் நறுக்குகிற பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அவள்தான் முன்னால் வந்தாள்.

“மூடி போட்டாத்தான் சார் அந்த மிஷினாண்ட போவோம். இன்னிக்கு கைல பெசஞ்சிக்கிறோம்” என்றாள்.

அவர் யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். அவர்கள் எட்டுப் பேரும் பின்னாலேயே போனார்கள். அன்று அந்தக் கேண்டீனில் கையால்தான் மாவு பிசைந்தார்கள். மூன்றாம் நாள் வெல்டிங் வைத்து மூடியை மாட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். அதே இரண்டு விஷயத்தை இன்னொரு தாளில் எழுதி அக்காவின் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அதைக் காட்டியிருக்கிறார். அக்காவின் வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அந்தக் கேண்டீனிலிருந்து எனக்கு மறுபடி ஆர்டர் வரவில்லை.

மூன்று வாரம் நான் மிஷினில் உட்காரவில்லை. வந்தவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். என் வீட்டுக்காரர் இரும்பு உருட்டுகிற ஆலையில் வேலை செய்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, அங்கே சுற்றுகிற எதற்குப் பக்கத்திலும் துண்டுகூடத் தோளில் போட விடமாட்டார்கள் என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் குத்தியது. பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் வேலையைப் பற்றி நான் கேட்டதில்லை, என் வேலையைப் பற்றி அவரும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை எதிரில் நிற்கவைத்துத் தொடங்கினேன். முடிச்சே வேண்டாம் என்று முடிவு செய்தேன். தொங்குகிற நுனியும் வேண்டாம். செருப்பிலும் பையிலும் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டையை வாங்கிவந்து, நாடாவின் முனையில் வைத்து முதுகுப் பக்கம் ஒட்டுகிற மாதிரி தைத்தேன். கட்டிக்கொண்டு, இழுங்க என்றேன். மெதுவாக இழுத்தார். நான்கு விரல் அகலப் பட்டை, பிரியவே இல்லை. நானே அவர் பக்கம் இழுபட்டுப் போனேன். பாதியாகக் குறைத்தேன். இப்போது நான் குனிந்து அரிசி டப்பாவைத் தூக்கியதற்கே கழன்று விழுந்தது. பிரியக் கூடாத நேரத்தில் இருக்க வேண்டும், பிரிய வேண்டிய நேரத்தில் பிரிய வேண்டும். வேண்டுமென்றே பலம் குறைத்துத் தைக்க என் கைக்குத் தெரியவில்லை. தையல் முடிகிற இடத்தில் விரல் தானாகவே பின்னால் ஒருமுறை ஓட்டிக் கெட்டிப்படுத்தும். அதைத் தடுக்கவே நான்கு ஏப்ரன் போயிற்று.

ஐந்தாவதில் பட்டையைச் சாய்வாக வெட்டி வைத்தேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், டப்பாவைத் தூக்கினேன், கழலவில்லை. சரி, இழுங்க என்றேன். அவர் இழுத்தார். இடுப்பில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. பர்ரென்று சத்தம் வந்து, ஏப்ரன் மொத்தமும் அவர் கையில் இருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இன்னொரு தடவை என்றேன். அன்று முப்பது தடவையாவது இழுத்திருப்பார். பக்கத்து வீட்டில் என்ன சண்டையோ என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அக்கா மறுபடி கேண்டீனுக்குப் போகவில்லை. பழவேற்காட்டில் வீட்டு வாசலிலேயே மீன் வறுத்து விற்கத் தொடங்கியிருந்தார். பொன்னேரி போய், அங்கிருந்து பஸ் மாறிப் போனேன். பையில் இருந்த ஏப்ரனை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்தேன். அவருடைய இடது கை தோளுக்கு மேல் போகவில்லை. மேலே இருந்த எண்ணெய் பாட்டிலை எடுக்கவும் வலது கையைத்தான் நீட்டினார். கடைசியில் அவரே, பையில் என்ன என்று கேட்டார்.

கழுத்தில் மாட்ட வேண்டாத மாதிரி, முன்பக்கமாக வைத்து இடுப்பில் மட்டும் ஒட்டுகிற மாதிரி தைத்திருந்தேன். கையில் வாங்கி நாடாவையே பார்த்தார். வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்கா அதை இடுப்பில் ஒட்டிக்கொண்டார். வலது கையால் ஓரத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். பிரிந்தது. திரும்ப ஒட்டினார், திரும்ப இழுத்தார். மூன்றாம் தடவை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். அவர் தயங்கித் தயங்கி இழுத்தார், அப்போதும் பிரிந்தது.

“வலிக்கல” என்றார் அக்கா, அவரைப் பார்த்து.

பிறகு ஒட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு இரண்டு துண்டு வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தார். ஏப்ரனைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே எழவில்லை. மகள் வீட்டுக் கதை, ஏரியில் தண்ணீர் வற்றியது என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

இப்போது ஏப்ரன் வாங்க வருகிற எல்லோரையும் கட்டிக்கொண்டு இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். போன வாரம் ஒரு பியூட்டி பார்லர் பெண், கழன்று போகிறதே, இதற்கா இவ்வளவு பெருமை என்று கேட்டாள். உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, தன் பார்லருக்கு மூன்று தைக்கச் சொன்னாள்.