வயதைத் தாண்டி ஆளைப் பார்த்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டாக்டர் செண்பகத்தின் மகள் பொம்மிடியிலிருந்து அழைத்தார். "அம்மா விடியக்காலையில போயிட்டாங்க சார். தூக்கத்துலயே." எதிரே இருந்தவரிடம் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தருமபுரியில் எங்கள் புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்தவர் அவர். முதியவர்களுக்குச் சிகிச்சை தொடங்குமுன் அவர்கள் அதைத் தாங்குவார்களா என்று முழுதாகப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. கட்டியை நான் பார்ப்பேன். கட்டியோடு வந்த ஆளை அவர் பார்ப்பார். அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய கறாரும் சிரிப்பும் தெரியும்.

இண்டூர் மாரப்பனுக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. நிணநீர்ப் புற்றுநோய். ஓசூரில் வேலை பார்க்கும் மகன், "வயசாயிப் போச்சுங்க, இனிமே ஊசியெல்லாம் எதுக்கு? வூட்டுலயே வெச்சுப் பாத்துக்கறோம்" என்றார். எடை மிகவும் குறைந்திருந்ததால் எனக்கும் தயக்கம்தான். செண்பகம் பெரியவரை நடக்க வைத்துப் பார்த்தார், ஞாபகத்தைச் சோதித்தார், என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று விசாரித்தார். எல்லாம் சரியாகவே இருந்தன.

"நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க ஐயா?"

"அவ போனதுல இருந்து மத்தியானம் அடுப்பு பத்த வெக்கறதில்லீங்க."

மகன் தலையைக் குனிந்துகொண்டார். "நோய் பாதி, பட்டினி பாதி" என்று என்னிடம் சொன்னார் செண்பகம். "வயசுக்கு எழுதாதீங்க டாக்டர், ஆளுக்கு எழுதுங்க." மருமகள் இண்டூருக்கு வந்து தங்கினார். பெரியவர் உடம்பு தேறியதும் அளவைக் குறைத்து மருந்து கொடுத்தோம். நோய் அடங்கியது. போன மாதமும் தனியாகப் பஸ் ஏறிப் பரிசோதனைக்கு வந்திருந்தார்.

சென்ற ஆண்டு செண்பகத்துக்கே கணையத்தில் புற்று வந்தது. பரவியும் இருந்தது. அவர் வழக்கமாகக் கேட்பதையெல்லாம் அவரிடம் நான் கேட்க வேண்டியதாயிற்று.

"எங்கயாவது விழுந்தீங்களா மேடம்?"

"இல்லையே."

"போன வாரம் பாத்ரூம்ல விழுந்தாங்க சார்" என்றார் மகள்.

செண்பகம் சிரித்துவிட்டார். "எல்லாரும் மறைக்கறதுதான். நான் மட்டும் என்ன?"

பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கடுமையான சிகிச்சையை நான் சொன்னேன். இன்னும் சில மாதங்கள் கிடைக்குமே என்ற ஆசை. அவர் என் முகத்தையே பார்த்தார். "என்னைப் போக விட உங்களுக்கு மனசில்ல. அதான் பெருசா எழுதறீங்க. என் காலுல இருக்கற பலத்தைப் பாத்து எழுதுங்க. நானே எழுந்து குளிக்கணும். அது போதும்."

லேசான மருந்தையே எழுதினேன். அன்று அது எனக்குக் குறைவாகவே பட்டது. ஆனால் இறந்த வாரம் வரை அவராகவேதான் குளித்தார் என்று மகள் சொன்னார்.

அடக்கம் முடிந்த மறுநாள், வத்தல்மலையிலிருந்து ஓர் அம்மாளை இரண்டு மகன்கள் அழைத்து வந்தார்கள். "இந்த வைத்தியத்துல உங்களுக்கு என்ன ஆகணும்மா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கூட்டம் நின்றது. மகன்கள் பதில் சொல்ல வாயெடுத்தார்கள், கையமர்த்தினேன். இப்படிப்பட்ட நேரத்தில் செண்பகம் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்க மாட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பொறுமைதான். நானும் காத்திருந்தேன். அந்த அம்மாள் மெல்லத் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.