மழை மாதத்து ஊட்டி

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மனைவி, பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாள். அந்துருண்டை வாசனை என்னைச் சிறுவயதில் இருந்த பாப்பாரப்பட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

நுரையீரல் கெட்டுப் படுத்திருந்த அப்பா, மூச்சிரைக்கச் சொல்வார்: "ஊட்டிக்கு கவர்மென்ட் பஸ்லயே போலான்டா. மழை மாசத்துல ரூம் சல்லிசா கெடைக்கும். உங்கம்மா புளிசோறு கட்டிருவா."

"கட்டிட்டா போச்சுங்க" என்பாள் அம்மா. பிறகு கொல்லைக்குப் போய், சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். நானோ பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய, இதே வாசனையடித்த ஸ்வெட்டரை வெயிலில் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஆடி பிறக்குமுன் அப்பா போய்விட்டார்.

"வால்பாறைக்குப் போலாங்களா? மழைல செலவு கம்மி" என்றாள் மனைவி.

அவளுக்கு இனி சில வாரங்கள்தான் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். "அடுத்த வருசம் போலாம்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "பொய்னு தெரியுதுங்க. இருந்தாலும் எந்த வழியா போறோம்னு சொல்லுங்க."