புஸ்வாணமாப் போன லூபின்

விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற மாரிசெல்விக்கு, வீட்டில் லூபின் பூ வளர்க்க ஆசை. அது குளிர்தேசத்துச் செடி. இரண்டு வருஷமாக விதை முளைக்கவே இல்லை.

“என்ன, புஸ்வாணமாப் போச்சா?” என்று சிரித்தான் புருஷன் முனியராஜ்.

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. “நான் அடைச்ச புஸ்வாணம் ஒண்ணுகூட புஸ்ஸுன்னு போனதில்ல, தெரிஞ்சுக்கிடுங்க!”

இந்தக் கார்த்திகையில் விதையின் கெட்டித் தோலைத் தீப்பெட்டியில் குச்சி உரசுகிற பக்கத்தில் தேய்த்து, ஊறவைத்து, தொட்டியில் ஊன்றினாள். ஒரே வாரத்தில் முளை கிளம்பிவிட்டது. மாசி மாதத்துக் காலையொன்றில் தண்டு நிமிர்ந்து, அடியிலிருந்து நுனிவரை நீலமும் வெள்ளையுமாய்ப் பூ பொங்கி நின்றது.

“ஏங்க, பல்லு விளக்குனது போதும், ஓடியாங்க!” தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். “நீங்க சொன்ன மாதிரியே புஸ்வாணமாத்தான் போயிருக்கு!”